பொங்கலுக்கும் சாம்பார் சாதத்துக்கும் நடுவில் ஒரு பனிமலை

மேனேஜர் யாரையும் முகம் பார்த்துப் பேசி நான் கண்டதில்லை. இலையைப் பார்ப்பார். இலை இல்லாத இடத்தில் நம் கையைப் பார்ப்பார், ஈரமாக இருக்கிறதா என்று. ஈரமாக இருந்தால் சாப்பிட்டாயிற்று, அந்த ஆளைப் பற்றி அவருக்கு இனிக் கவலை இல்லை. காய்ந்திருந்தால், "ஏம்மா, இன்னும் உக்காரலயா? பந்தி ஓடுதும்மா" என்பார். எங்கள் தெருவில் ஒரு சாவுக்கு வந்தவர், மாலையைப் போட்டுவிட்டு நேரே கொல்லைப் பக்கம் போய், காபி எத்தனை பேருக்குப் போடுகிறார்கள் என்று விசாரித்தார். செத்தவர் அவருக்கு நன்றாகத் தெரிந்தவர்தான். ஆனால் செத்தவர் காபி குடிக்க மாட்டாரே.

மயிலாடுதுறை போகிற வழியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு அவர் மேனேஜர். என் மகள் கல்யாணம் அங்கேதான் நடந்தது. கெட்டிமேளம் கொட்டிக்கொண்டிருக்கிறது, மாப்பிள்ளை கையில் தாலி, எல்லோரும் அட்சதையோடு எழுந்து நிற்கிறார்கள். அந்த நேரம் பார்த்து மேனேஜர் மேடையில் ஏறி, என் வீட்டுக்காரர் காதோடு வாயை வைத்து, "அப்பளம் ஒண்ணா ரெண்டா?" என்று கேட்டார். மேளச் சத்தத்தில் ஒன்றும் விளங்காமல் என் வீட்டுக்காரர் அவர் பக்கம் திரும்பித் தலையாட்டினார். திரும்பி மகளைப் பார்த்தபோது தாலி ஏறிவிட்டது. "நான் பாக்கவே இல்லயே" என்று சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். மேனேஜரிடம் ஒருநாள் இதைச் சொல்லிக் குறைப்பட்டபோது அவர் பெருமையாகச் சொன்னாராம்: "ஆனா அப்பளம் கடைசிப் பந்தி வரைக்கும் வந்துச்சுல்லங்க?"

புரட்டாசியில் முகூர்த்தம் கிடையாது. மண்டபம் பூட்டிக் கிடக்கும். அண்டா, கரண்டி, சமையல்காரர் எல்லாம் சும்மா இருப்பார்கள். அந்தக் காட்சியைப் பார்க்கப் பொறுக்காமல்தான் மேனேஜர் யாத்திரை நடத்த ஆரம்பித்தார் என்பது என் கணிப்பு. மற்றவர்கள் அது பக்தி என்றார்கள். முதலில் காசி. காசிக்குப் போய் வந்தவர்களைக் கேட்டால், கங்கையைப் பற்றி ஒரு வார்த்தை, அங்கே போட்ட வத்தக்குழம்பைப் பற்றி ஒன்பது வார்த்தை சொல்வார்கள். அந்தத் தைரியத்தில் அவர் நேபாளத்தைக் கையில் எடுத்தார். எங்களுக்கு முன்னே இரண்டு கூட்டத்தை அங்கே கூட்டிப்போய் வந்தும் அவர் வழியைப் பார்த்ததில்லை, நேரத்தைப் பார்த்ததில்லை, அண்டாவைத்தான் பார்த்தார்.

அந்தப் பயணத்தில் நான் சேர்ந்தது என் அத்தாச்சிக்காக. என் வீட்டுக்காரரின் அக்காவை நான் அத்தாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு இடது கண்ணில் பார்வை போய்விட்டது. வலது கண்ணில் அழுத்தம் ஏறிக்கொண்டே வருகிறது, போன பார்வை திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் கொஞ்ச நாள் இழுத்துப் பிடிக்கலாம் என்று தஞ்சாவூரில் டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து எல்லோரும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அத்தாச்சி சொன்னார்: "கண்ணு இருக்கையிலேயே எதயாச்சும் பாக்கலாமுன்னா, இதுக இழவு வூடு மாதிரி உக்காந்திருக்குதுங்க. எனக்குப் பனிமலையக் காட்டுங்கடா." ஏன் பனிமலை என்று யாரோ கேட்டதற்கு, "வயலத்தான் பொறந்ததுலேர்ந்து பாத்துட்டேனே" என்றார். எங்கள் பக்கத்தில் எங்கே நின்று பார்த்தாலும் கண் தரையோடு போய் ஏதாவது ஒரு தென்னந்தோப்பில் முட்டி நிற்கும். மேலே பார்ப்பதென்றால் கோபுரம், அதை விட்டால் ரயில் பாலம்.

பயணத் திட்டம் போடுகிற கூட்டத்தை மேனேஜர் மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் வைத்தார். வேறு எங்கே வைப்பார்! நீளப் பெஞ்சில் டம்ளர்களை வைத்து, இது எல்லை, இது ஏரி இருக்கிற ஊர், இது கோயில் என்று காட்டினார். பனிமலைக்கு ஒரு சாம்பார் வாளியைக் கவிழ்த்து வைத்தார். நாட்டையே மூன்று பந்தியாகப் பிரித்துவிட்டார்: கீழ் நேபாளம், நடு நேபாளம், மேல் நேபாளம்.

"கீழ் நேபாளம் சமதரை. நம்ம ஊரு மாதிரியே நெல்லு வெளையுது, கத்திரிக்கா, பூசணி எல்லாம் கெடைக்கும். அங்க மூணு நாளு. நடு நேபாளம் மேடு பள்ளம், காய் சுமாராக் கெடைக்கும், ரெண்டு நாளு. மேல் நேபாளத்துல ஒண்ணும் கெடைக்காது. உருளக்கெழங்குதான். அதனால ஒரு காலைப்பொழுது போதும்."

கூட்டத்தில் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் இருந்தார். "மலை ரோடாச்சே மேனேஜர், நேரம் சரியா வருமா?" என்றார்.

"தூரம் தூரந்தானே சார். எல்லையிலேர்ந்து ஏரி ஊருக்கு, இங்கேர்ந்து மதுரைக்குப் போற தூரம். காலைல டிபன முடிச்சுட்டுக் கெளம்புனா மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிடலாம். அங்கேர்ந்து மேல போறது பட்டுக்கோட்டைக்குப் போயிட்டு வர்ற தூரம்கூட இல்ல."

வாத்தியார் உட்கார்ந்துவிட்டார். தூரத்தைத் தெரிந்த ஊர்க் கணக்கில் சொன்னால் எங்கள் ஊர்க்காரர்கள் யாருக்கும் அதற்கு மேல் கேள்வி வராது. ரோடு என்றால் எங்களுக்குப் படுத்துக்கிடக்கிற ஒன்று. அது நிமிர்ந்து நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

அத்தாச்சி விடவில்லை. "பனிமலைய எப்ப காட்டுவீங்க தம்பி?"

மேனேஜர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "காலைல பொங்கல். மத்தியானம் சாம்பார் சாதம். நடுவுல சும்மாதாம்மா இருக்கு. அப்ப பாத்துக்கலாம்."

"நடுவுல மலை இருக்குமா?"

"மலை எங்கம்மா போயிடப் போவுது? பொங்கல்தான் ஆறிப்போயிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். கூட்டம் முடிந்து டிபன் போடுகிற நேரம் வந்ததும், கவிழ்த்து வைத்த பனிமலையை நிமிர்த்தி அதில் சாம்பார் ஊற்றிக்கொண்டு போனார். "பாத்தியா, மலை போயிடுச்சு" என்று அத்தாச்சி என் விலாவில் இடித்தார்.

ரயிலில் போய், எல்லை தாண்டி, கீழ் நேபாளத்தில் இறங்கினோம். புரட்டாசி முடிகிற நேரம். மேனேஜர் சொன்னது பொய்யில்லை. அச்சு அசலாக எங்கள் ஊர். வாய்க்கால், வரப்பு, கதிர் சாய்ந்த வயல். இத்தனை தூரம் வந்த எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பஸ்ஸை நிறுத்தச் சொல்லி வயலில் இறங்கினார்கள். ஒருத்தர் கதிரைக் கிள்ளி வாயில் போட்டு மென்று, "இன்னும் பத்து நாள் போவணும்" என்றார். இன்னொருத்தர் வரப்பு கட்டியது சரியில்லை என்றார். மூன்று நாளும் இப்படியே போயிற்று. மேனேஜருக்குச் சொர்க்கம். சந்தையில் கத்திரிக்காயைப் பார்த்ததும், சாமியைப் பார்த்தவர் மாதிரி கும்பிடாத குறைதான். எங்களுக்கென்று அமர்த்தியிருந்த அந்த நாட்டு வழிகாட்டி முதல் நாள் நின்றுகொண்டு ஏதோ விளக்கினார். மேனேஜர் அவரையும் பிடித்து இலையில் உட்கார்த்திவிட்டார். அதற்குப் பிறகு அந்த மனிதர் வழிகாட்டியதே இல்லை. "சாம்பார் நல்லாருக்கு" என்கிற இரண்டு தமிழ் வார்த்தையோடு எங்களோடு சுற்றி வந்தார்.

மலை ஏறினோம். மதுரைக்குப் போகிற தூரம் என்றாரே, அந்தத் தூரம் முடியவே இல்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம், நடுவில் பஸ் பாம்பு மாதிரி நெளிகிறது. பொட்டலமாகக் கட்டிய சாதத்தைப் பிரிக்கக்கூட ஆளில்லை. ஜன்னல் ஜன்னலாகத் தலையை வெளியே நீட்டி எல்லோரும் வாந்தி எடுக்கிறார்கள். மேனேஜர் ஒவ்வொரு சீட்டாகப் போய் எட்டிப் பார்த்துவிட்டு, முகம் வாடிப்போய்ச் சொன்னார்: "காலைல போட்ட அவ்வளவும் வீணாப் போவுதே."

"நாங்க வீணாப் போறதப் பாருங்க தம்பி" என்றார் அத்தாச்சி, புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டே.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர வேண்டிய ஊருக்கு விளக்கு வைத்த பிறகு போனோம். மறுநாள் காலையில் அங்கே விடுதிக் கூடத்தில் பந்தி. வெளியே போய்ப் பார்க்கலாமா என்று யாராவது எழுந்தால், "ரெண்டே நிமிஷம், வடை வந்துடும்" என்பார். வடை வந்து, காபி வந்து, கை கழுவி, நாங்கள் ஏரிக்கரைக்குப் போனபோது ஏரிக்கு அந்தப் பக்கம் முழுக்க மேகம். மலை இருந்ததற்கு ஒரு அடையாளம் இல்லை. பக்கத்தில் கேரளத்திலிருந்து வந்த கூட்டம் ஒன்று நின்றது. அதில் ஒரு அம்மாள், அத்தாச்சி கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதைக் கண்டு, தன் போனை நீட்டினார். விடியக்காலையில் எடுத்தார்களாம். அத்தாச்சி அதை மூக்கில் இடிக்கிற மாதிரி கிட்டத்தில் வைத்து வலது கண்ணால் தேடினார். "வெள்ளையா என்னமோ தெரியுது. இதுக்கா வந்தேன், இத எங்கூட்டு டிவியிலயே பாத்தேனே" என்று திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு முழுக்க அவர் வாயிலிருந்து ஒரு கேலி வார்த்தை வரவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மேனேஜரிடம் போய் அந்த அம்மாள் சொன்னதைச் சொன்னோம். விடியற்காலையில்தான் தெரியுமாம், வெயில் ஏறினால் மூடிவிடுமாம். "அப்படியா?" என்றார். காசிக்குக் கூட்டிப்போனவர், இதற்கு முன்னே இதே மலைக்கு இரண்டு கூட்டத்தைக் கூட்டிவந்தவர், அப்படியா என்கிறார். "அப்ப மேல் நேபாளத்துல பொங்கல சீக்கிரமா எறக்கிடுவோம்" என்றார்.

மேலே ஜீப்பில் போனோம். பட்டுக்கோட்டைக்குப் போய்வருகிற தூரம்கூட இல்லாத அந்த வழியும் ஒரு பகலை முழுங்கிவிட்டது. ஆற்று மணலும் காற்றும் குளிரும்தான் மேல் நேபாளம். இருட்டில் போய்ச் சேர்ந்து கம்பளிக்குள் சுருண்டோம்.

விடிந்ததும் மேனேஜர் எல்லோரையும் எழுப்பிச் சாப்பாட்டு அறையில் உட்கார வைத்தார். இந்தத் தடவை முந்திக்கொண்டு, பொங்கல் இறங்குவதற்கு முன்பே இலையைப் போட்டுவிட்டார். தண்ணீர் தெளித்தாயிற்று. உப்பு வைத்தாயிற்று, சட்னி வைத்தாயிற்று. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாயிற்று. பந்தி உட்கார்ந்ததும் கதவைச் சாத்துவது மண்டபத்து வழக்கம், அடுத்த பந்திக்காரர்கள் முண்டியடிக்கக் கூடாது என்று. இங்கே அடுத்த பந்திக்கு யார் இருக்கிறார்கள்? காற்றுதான்.

பொங்கல் வரவில்லை. பருப்பு வேகவில்லை. போன இரண்டு தடவையும் இங்கே உப்புமாதானாம். அந்த உயரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, ஆனால் பருப்பு கல்லாட்டம் நிற்கிறது. சமையல்காரர் அண்டாவுக்குள் கரண்டியை விட்டுப் பார்த்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மேனேஜர் மூடி போட்டு, மூடி மேல் கல்லை வைத்து, அடுப்பைத் தூண்டி, அதோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் சட்னிக்கு எதிரே உட்கார்ந்திருந்தோம்.

எழுந்து போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். இலை போட்டு, ஒன்று பரிமாறிவிட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். பந்தியில் ஒருத்தர் நடுவில் எழுந்தால் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் அவமரியாதை. கல்யாணங்களில் பந்தியில் எழுந்து போனதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பேசாமல் இருக்கிற குடும்பங்கள் எனக்குத் தெரியும். மேனேஜர் எங்களைக் கயிற்றால் கட்டியிருந்தால்கூட அறுத்துக்கொண்டு போயிருப்போம். சட்னியால் கட்டிவிட்டார்.

விடுதிக்கார அம்மாள் உள்ளே வந்தார். எங்களைப் பார்த்து வெளியே கையைக் காட்டி அவசரமாக என்னவோ சொன்னார். மேனேஜர், "இதோ, முடிஞ்சிடும், முடிஞ்சிடும்" என்று தமிழில் சமாதானம் சொன்னார். அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு, நேரே போய் ஜன்னல் திரையை விலக்கினார். எனக்கு எதிரே, சுவரில் உயரத்தில் ஜன்னல். அதில் வானம் இல்லை. கண்ணாடி முழுக்க வெள்ளையாக, வெயில் பட்டுப் பளபளவென்று, மலை.

"குளுருதும்மா" என்று மேனேஜர் போய்த் திரையை இழுத்து மூடினார்.

அத்தாச்சி ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். "என்னடி அது, என்ன சொல்லிட்டுப் போறா?" என்றார் என்னிடம்.

நான் கூட்டத்தில் வாய் திறக்கிறவள் இல்லை. என் கல்யாணப் பந்தியில்கூட உப்பு இல்லை என்று கேட்காமல் சாப்பிட்டவள். எழுந்தேன். அத்தாச்சியின் முழங்கையைப் பிடித்துத் தூக்கினேன்.

"அடியே, இலை போட்டிருக்குடி" என்றார் அத்தாச்சி, பதறிப்போய்.

"கெடக்கட்டும், வாங்க."

வரிசை முழுக்கத் திரும்பி எங்களைப் பார்த்தது. வாத்தியார் சம்சாரம் வாயில் கையை வைத்தார். மேனேஜர் கரண்டியோடு ஓடிவந்தார். "அம்மா, அம்மா, பந்திலேர்ந்து எழுந்திரிக்காதீங்கம்மா! ரெண்டே நிமிஷம்!" தாழ்ப்பாள் இறுகிக் கிடந்தது. நான் அதைக் குத்திக் குத்தித் தள்ளிக் கதவைத் திறந்தேன்.

வெளியே வந்ததும் அத்தாச்சி கண்ணைச் சுருக்கி நேரே பார்த்தார். எதிரே கல்சுவரும் ஒரு மாட்டுக் கொட்டகையும் இருந்தன. "எங்கடி?"

"மேல பாருங்க."

அண்ணாந்தார். கோபுர உயரத்துக்கு அண்ணாந்தார். எங்களுக்கு அவ்வளவுதான் பழக்கம். "மேகந்தான் தெரியுது."

"மேகத்துக்கும் மேல, அத்தாச்சி."

"மேகத்துக்கு மேல என்னடி இருக்கும்?" என்றார். நான் அவர் மோவாயைப் பிடித்து, இன்னும் உயர்த்தி, கழுத்து பின்னால் சாய்கிற வரைக்கும் தூக்கினேன். அத்தாச்சி மூச்சை இழுத்துப் பிடித்தார். அந்த ஒற்றைக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, குளிரோ என்னவோ. துடைத்தால் அந்த நேரத்துக்கு மலை மறையும் என்று துடைக்காமலே நின்றார். கால் வலிக்கும், உட்காருங்கள் என்றேன். கையை உதறினார்.

உள்ளேயிருந்து ஒருத்தரும் வரவில்லை. அரை வேக்காட்டுப் பொங்கலைச் சாப்பிட்டு, பந்தி மொத்தமாக எழுந்து, கை கழுவி, அவர்கள் வெளியே வந்தபோது காற்று கிளம்பி மேகத்தைக் கொண்டுவந்து மூடிவிட்டது. "எங்க? எங்க?" என்றார்கள். மேனேஜர் முன்னால் வந்து, எல்லாம் தெரிந்தவர் மாதிரி மேகத்தைக் கரண்டியால் சுட்டிக் காட்டி, "அதோ, அதுக்குப் பின்னாலதான் இருக்கு" என்றார். அதையும் நம்பிப் போனில் படம் பிடித்தார்கள்.

கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, கீழே இறங்க ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தோம். மேனேஜர் அத்தாச்சி உட்கார்ந்திருந்த ஜன்னல் பக்கம் வந்தார். அண்டா ஏற்றியாயிற்றா என்று பார்க்கிற மாதிரி அப்படியும் இப்படியும் பார்த்தார். பிறகு மற்றவர்கள் காதில் விழாமல், முதல் தடவையாக எங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

அத்தாச்சி அவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான தம்பி இருக்கு?"

"இருக்கும்மா."

"மூணு தடவ வந்திருக்கீங்க."

"ஆமாம்மா. அடுப்ப வுட்டுட்டு எங்கேம்மா வர முடியுது?"

"இது நான் சொல்லி நீங்க கேக்குற விஷயமில்ல. போங்க."

எல்லோருக்கும் போட்டு முடித்து, தனக்கென்று பார்க்கும்போது சட்டி காலியாக இருந்தால் ஒரு முகம் வருமே, அந்த முகத்தோடு நின்றார். பாவம் என்று எனக்கு ஒரு நினைப்பு வரப் பார்த்தது. அது முழுசாக வருவதற்குள் அவர் குனிந்து அத்தாச்சியின் கையைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, நீங்க இன்னும் சாப்புடவே இல்லயே!" என்று கத்தினார். "வண்டிய எடுக்காதீங்கப்பா!"

அத்தாச்சி ஜன்னலை ஏற்றிவிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். மலை இறங்குகிற வரைக்கும் திறக்கவில்லை.